மோட்டாருக்கு வைத்த பெயர்கள்

வாங்க அம்மிணி, வாங்க. கம்பெனியிலிருந்துதானே? செருப்பைக் கழட்ட வேண்டாம், வாசலெல்லாம் இப்பத்தான் சாணி தெளிச்ச ஈரம். கட்டில்ல உட்காருங்க. அந்தப் பக்கம் வேண்டாம், பாப்பா நனைச்சு வெச்சிருக்கா. இந்தப் பக்கம். யாரோ ஆம்பளை வருவாங்கன்னு நினைச்சேன், நேத்து போன்ல பேசினது ஒரு சார். "மேடம், உங்க மோட்டார் பேரு மாறிக்கிட்டே இருக்கே, யாராச்சும் திருட்டுத்தனமா உள்ளே புகுந்துட்டாங்களா, பாஸ்வேர்டை யாருக்காவது குடுத்தீங்களா"ன்னு பதறிப்போய்க் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. மோட்டாரைத் திருடறவன் உண்டு, ஒயரை அறுத்துட்டுப் போறவன் உண்டு. எந்தத் திருடனாச்சும் வந்து மோட்டாருக்குப் பேர் வெச்சுட்டுப் போவானா?

மெஷின்ல ஒரு கோளாறும் இல்லைங்க. அதை முதல்லயே சொல்லிடறேன். உங்க ஸ்டார்ட்டர் பெட்டி தங்கமாட்டம் இருக்குது. கரண்டு வந்தா போன் பண்ணுது. இங்கிருந்து அமுக்கினா அங்கே தண்ணி விழுது. கிணத்துல தண்ணி வத்தினா தானா நின்னுக்குது. அதுமேல எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் உங்க போன் ஆப்புல அந்தப் பேர் மாத்தற இடத்து மேலதான். சின்னதா ஒரு பென்சில் படம் போட்டிருக்குமே, அது. அந்தப் பென்சிலைக் கொண்டுவந்து வெச்ச புண்ணியவான் யாருன்னு தெரிஞ்சா நாலு கேள்வி கேக்கணும்னு இருந்தேன்.

நீங்கதானா?

அடப் பாவமே. இத்தனூண்டு பொண்ணா இருந்துக்கிட்டு! சரி, காபி குடிங்க முதல்ல. கேள்வியெல்லாம் அப்புறம்.

என்ன சொல்றீங்க, நிறுத்தி நிதானமாச் சொல்லுங்க. அடுத்த அப்டேட்டுல கூட்டு மோட்டாருக்கெல்லாம் ஒரே ஒருத்தர்தான் பேர் வைக்க முடியுமா? மத்தவங்க போடலாம், நிறுத்தலாம், பேரைத் தொட முடியாது. அந்த ஒருத்தர் யாருன்னு கேட்டுப் பதிஞ்சு, இன்னைக்கே பூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கீங்க. நல்ல காரியம்! இதைத்தான் நான் தை மாசத்திலிருந்து வேண்டிக்கிட்டிருக்கேன். பூட்டிருங்க. என் பேர்லயே பூட்டிருங்க. அந்த வீட்டுக்கு இன்னும் போகலைதானே? முதல்ல இங்கே வந்தீங்க பாருங்க, அதுவே நல்ல சகுனம்.

ஒரு நிமிஷம், போனைப் பார்த்துக்கறேன்.

ஒண்ணுமில்லை. கரண்டு வந்துச்சான்னு பார்த்தேன். டேய் பாப்பா, மண்ணைத் திங்காதே! வாயைத் தொற. தொறன்னா தொறக்கணும். இவளோட நாள் பூரா இதே பொழப்புதானுங்க.

நீங்க அந்த வீட்டுக்குப் போனா அவங்க ஒரு கதை சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி நடந்ததை நடந்தபடி நான் சொல்லிடறேன், கேட்டுக்கங்க. எங்க மாமனார் இருந்தவரைக்கும் எல்லாம் ஒரே தோட்டம். அவர் போனதுக்கப்புறம் அண்ணன் தம்பி பாகம் பிரிச்சாங்க. நிலத்தைப் பிரிக்க ஒரு வரப்பு போட்டாப் போதும். கிணத்தை எப்படிப் பிரிக்கறது? அதனால ஒரு நாள் எங்க முறை, மறுநாள் அவங்க முறை. கிணறு பொது, மோட்டார் பொது, உங்க பெட்டியும் பொது. ரெண்டு வீட்டு போன்லயும் ஆப்பு இருக்குது. அவங்கன்னா என் வீட்டுக்காரரோட அண்ணன் வீடு. அண்ணன் பேரு தெய்வசிகாமணி, நான் மாமான்னு கூப்பிடுவேன். நல்ல மனுஷன், அதிகம் பேச மாட்டார். அவர் சம்சாரம் சாந்தாமணி. அதோ, வாழைக்கு அந்தப் பக்கம் ஓட்டு வீடு தெரியுதே, அதுதான்.

பெட்டி மாட்டின புதுசுல போன்ல என்ன பேர் வரும் தெரியுமா? "ஹாக் டூ பி". கரண்டு வந்ததும் ரெண்டு வீட்டுக்கும் போன் வரும். எடுத்தா ஒரு அம்மா குரல்ல, "ஹாக் டூ பி, மின்சாரம் வந்துள்ளது, இயக்க ஒன்றை அழுத்தவும்"னு சொல்லும். எங்களுக்கு என்ன தெரியும்? ஏதோ பார்ட்டு நம்பர்னு நினைச்சுக்கிட்டோம். ஓ, உங்க ஆபீஸ்ல ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு பறவை பேரா? ஹாக்குன்னா பருந்தா! அட, இத்தனை நாளா இது தெரியாதுங்களே. மாமாவுக்கு யாராச்சும் சொல்லணும். நீங்க போறப்ப சொல்லுங்க, சிரிப்பார்.

நாங்க "ஆக்கு"ன்னுதான் சொல்வோம். "ஆக்கு கூப்பிட்டுச்சா?" "ஆக்கு ஓடுதா பாரு." "ஆக்கு இன்னைக்கு மூச்சே விடலை, கரண்டுக்காரன் என்ன பண்றானோ." அவ அங்கிருந்து வாழைக்குள்ள நின்னு கத்துவா, நான் இங்கிருந்து கத்துவேன். யாரு பேரும் இல்லாத பேரு. அர்த்தம் தெரியாத பேரு. அதுக்கு ஒரு வம்பும் வரலை.

அப்புறம்தான் நீங்க நல்லது பண்றேன்னு கிளம்புனீங்க.

இல்லை, கோவிச்சுக்காதீங்க, சிரிச்சுக்கிட்டேதான் சொல்றேன். தைப் பொங்கல் நோம்பி முடிஞ்சு ஒரு நாள் ஆப்பைத் திறந்தா, "உங்கள் சாதனத்துக்கு உங்களுக்குப் பழக்கமான பெயரை வையுங்கள்"னு வந்து நிக்குது. என்னென்னமோ மாதிரிப் பேரெல்லாம் காட்டுச்சு, தோட்டம், வயல், வீடுன்னு. நான் ஒரு கையில பாப்பாவை வெச்சுச் சோறு ஊட்டிக்கிட்டே இன்னொரு கையால "லோகநாதன் மோட்டார்"னு போட்டேன். லோகநாதன் என் வீட்டுக்காரர். வாயால சொல்லத்தான் எனக்குக் கூச்சம், விரலுக்கு என்ன கூச்சம்? கேஸ் புக்கு அவர் பேர்ல இருக்குது, கரண்டு பில்லு அவர் பேர்ல வருது, கை தானா அங்கே போச்சு. வேற ஒரு நினைப்பும் இல்லை. சத்தியமா இல்லை. கிணறு எங்க பங்கு நிலத்துக்குள்ள இருக்குது, அது வேற விஷயம்.

பேரை மாத்தினா ரெண்டு போன்லயும் மாறும்னு எனக்கு யாரு சொன்னா? என் போன்ல என் பேரு, அவங்க போன்ல அவங்க பேருன்னுதானே நினைப்பேன்? நீங்களே சொல்லுங்க. உங்க வீட்டு போன்ல "அம்மா"ன்னு ஒரு நம்பரைப் பதிஞ்சா ஊர்ல எல்லார் போன்லயும் "அம்மா"ன்னா வரும்?

மறுநாள் மாமா உரக்கடையில உட்கார்ந்திருக்கார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், போனை எப்பவும் ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவார். நாலு பேர் இருக்கற இடத்துல போன் அடிக்குது. எடுத்தா, "லோகநாதன் மோட்டார், மின்சாரம் வந்துள்ளது." ஒருத்தன் விட்டானா? "ஏம்ப்பா சிகாமணி, தம்பி மோட்டாருக்கு நீ வாட்ச்மேனா?" இன்னொருத்தன், "சம்பளம் மாசமா, வாரமா?" மாமா எழுந்து வீட்டுக்கு வந்துட்டார். அவர் விட்டாலும் அவர் சம்சாரம் விடுவாளா?

சாயங்காலம் பார்க்கறேன், மோட்டார் பேரு "தெய்வசிகாமணி அண்ட் பிரதர்ஸ்."

அண்ட் பிரதர்ஸ்! என்னமோ பாத்திரக்கடை போர்டு மாதிரி. என் வீட்டுக்காரருக்குப் பேரில்லையா? அவர் வெறும் பிரதர்ஸா? அதுவும் இருக்கறது ஒரே ஒரு தம்பி! எனக்கு வந்ததே கோபம். அழிச்சுட்டு "கிணறு எங்க பங்கு" அப்படின்னு போட்டேன். சித்த நேரத்துல அவ அழிச்சுட்டு "பாதை எங்க பங்கு"ன்னு போட்டா. அது நிசந்தான், ரோட்டுக்குப் போற பாதை அவங்க பக்கத்துல வருது. நிசத்தைச் சொன்னா எவ்வளவு கோபம் வரும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அன்னையிலிருந்து பேச்சு நின்னுபோச்சு. அவ என்னைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்குவா. நான் அவளைப் பார்க்கறதுக்கு முந்தியே திருப்பிக்குவேன். பேச்சே இல்லை, அறவே இல்லை. மோட்டார் பேர் மட்டும்தான் மாறிக்கிட்டே இருந்துச்சு.

உங்க பென்சில்ல ரொம்ப எழுதவும் முடியலைங்க, மூணு நாலு வார்த்தைக்கு மேல போனா சிவப்புக் கோடு போட்டு நிறுத்திடுது. மூணு வார்த்தைக்குள்ள ஒருத்தியைத் திட்டறது எவ்வளவு கஷ்டம்னு நினைக்கறீங்க? பாத்திரம் கழுவிக்கிட்டே யோசிப்பேன். "கண்ணு வெச்சவ"ன்னு போட்டேன். "கடுகு கடன் வாங்குனவ"ன்னு வந்துச்சு. "சாணி வாரத் தெரியாதவ"ன்னு போட்டேன். "படிச்ச மேதாவி"ன்னு வந்துச்சு. நான் பன்னெண்டாவது வரைக்கும் நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கேன், அதைக் குத்திக் காட்டறாளாம். இதுல கூத்து என்னன்னா, கரண்டு வந்தா போன்ல பேசற அந்தம்மா குரல் அதையெல்லாம் படிக்குது. கொஞ்சம்கூட ஏத்த இறக்கமில்லாம, "கண்ணு வெச்சவ, மின்சாரம் வந்துள்ளது, இயக்க ஒன்றை அழுத்தவும்." என் வீட்டுக்காரர் பஸ்ஸுல போறப்ப எடுத்துட்டார். பக்கத்துல இருந்தவர், "தம்பி, வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா"ன்னு கேட்டாராம்.

சிரிங்க, சிரிங்க. நான்கூட இப்ப சொல்றப்ப சிரிக்கறேன், அன்னைக்கு எரிஞ்சுது.

ஆம்பளைங்க ரெண்டு பேரும் என்ன பண்ணாங்கன்னு கேக்கறீங்களா? ஒண்ணும் பண்ணலை. டீக்கடையில ஒண்ணா உட்கார்ந்து வடை தின்னாங்க. நான் இவர்கிட்ட, "உங்க அண்ணி என்னை என்ன சொல்லியிருக்காங்க பாருங்க"ன்னு காட்டினா, "மோட்டார் ஓடுதில்ல? விடு"ங்கறார். மோட்டார் ஓடினாப் போதுமா? மனுஷனுக்கு மானம் வேண்டாமா?

இருங்க, போன் சத்தம் போட்டுச்சா? இல்லையா. எனக்குக் கேட்டாப்பல இருந்துச்சு.

மாசி கடைசியில எங்க அம்மா வீட்டுக்குப் போக வேண்டி வந்துச்சு. அன்னைக்கு எங்க முறை. தண்ணி கட்ட ஆளில்லை, முறையை வீணாக்கவும் மனசு வரலை. பேசறதில்லைன்னு ஆகிப்போச்சு, எப்படிச் சொல்றது? "நாளைக்கு நீங்க விட்டுக்கங்க"ன்னு மோட்டாருக்குப் பேர் வெச்சுட்டுப் போனேன். பதில் என்ன தெரியுமா? "சரி." அவ்வளவுதான். ரெண்டு நாளா மோட்டார் பேரு "சரி". கரண்டு வரும்போதெல்லாம், "சரி, மின்சாரம் வந்துள்ளது." எவ்வளவு திமிர் பாருங்க. "சரி கோகிலா"ன்னு போட்டா விரல் தேஞ்சா போகும்? கோகிலவாணின்னு முழுசா வேண்டாம், கோகிலான்னு போட இடம் இருந்துச்சே!

அதுக்கடுத்து அவளுக்கு ஒரே ஏத்தம். நம்ம வீட்டு விஷயத்துல எல்லாம் தலையிட ஆரம்பிச்சா. ஒரு நாள் "வாய்க்கா உடைஞ்சிருக்கு"ன்னு பேர் வெக்கறா. போய்ப் பார்த்தேன், நிசமாவே உடைஞ்சு தண்ணி ரோட்டுக்குப் போகுது. மண்ணை வெட்டிப் போட்டு அடைச்சேன். அடைச்சது நான். அதைச் சொல்லிக் காட்டணுமா? அவ தோட்டத்து வேலையைப் பார்க்காம என் வாய்க்காலை எதுக்குப் பார்க்கறா? அப்புறம் பாப்பாவுக்குப் பல்லு முளைக்கற சமயம், நாள் பூரா அழுகை. "ஏன் அழுகுது பாப்பா"ன்னு பேர். நான் பேசாம இருந்திருக்கலாம், மனசு கேக்கலை, "பல்லு முளைக்குது"ன்னு போட்டேன். உடனே "கேரட்டு கடிக்கக் குடு"ன்னு வருது. பார்த்தீங்களா? எனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாதாம்! ரெண்டு பையன்களை வளர்த்து காலேஜுக்கு அனுப்பிட்டா, ஊருக்கே உபதேசம்.

கேரட்டா? குடுத்தேன். வீட்ல இருந்துச்சு, குடுத்தேன். அழுகை நின்னுச்சு. அதுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இப்படியே சித்திரை பூரா ஓடிச்சு. "மழை வரும் துணி எடு." "எடுத்தாச்சு." "மாமாவுக்கு முட்டி வலி எப்படி." "பரவாயில்லை." "கரும்புல பன்னி வந்துச்சா." "உங்க வாழையிலயும் வந்துச்சு." எனக்கு இந்த வம்பு தாங்கலைங்க. காலையில எழுந்ததும் அதைப் பார்க்க வேண்டியிருக்குது, அடுப்புல உலையை வெச்சுட்டுப் பார்க்க வேண்டியிருக்குது, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்து பார்க்க வேண்டியிருக்குது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்க்கறேன்னு எனக்கே தெரியாது. இவர்கூடச் சொல்றார், "கல்யாணம் ஆன புதுசுல என் போனுக்குக்கூட நீ இப்படிக் காத்திருக்கலை"ன்னு. கேலி! அதனாலதான் பூட்டிருங்கன்னு சொல்றேன். நிம்மதியாப் போகும்.

போன்ல கூப்பிட்டுப் பேசலாமேன்னா? வாட்ஸப்பா? நல்லா இருக்குதே நீங்க சொல்றது. பேசறதில்லைன்னு சொல்றேன், போன்ல எப்படிப் பேசுவேன்? வாட்ஸப்புல போட்டா அது பேச்சாயிடும். முதல்ல போட்டவ இறங்கி வந்தவன்னு ஆயிடும். இது வேற. இது மோட்டார் பேருங்க.

சரி, எடுங்க உங்க போனை. எங்கே அமுக்கணும்? ஓ, இங்கே ஒரு கட்டம் வருது. "உரிமையாளர்." அதுல என் பேரைப் போடணும். கோகிலவாணி. கோ... கி... ஆமாங்க, ல, வா, ணி. போட்டாச்சா? இதை அமுக்கிட்டா உடனே பூட்டிக்குமா? அப்புறம் அவ போன்ல அந்தப் பென்சிலே இருக்காதா?

ஒண்ணுமே எழுத முடியாதா அவளால?

இருங்க. அமுக்கிடாதீங்க. விரலை எடுங்க அம்மிணி.

ஒண்ணுமில்லை. இப்ப மோட்டாருக்கு என்ன பேர் இருக்குதுன்னு பார்த்தீங்களா? படிங்க. "ஞாயிறு காதுகுத்து வரணும்." நான் வெச்சதுதான். வர்ற ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்குக் காது குத்தறோம். எங்க வீட்டு வழக்கம் என்னன்னா, குழந்தையைப் பெரியம்மாதான் குளிப்பாட்டிப் புதுத்துணி போட்டு, ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லார் முன்னாடியும் தூக்கிட்டு வரணும். அவ வந்துதான் ஆகணும்னு நான் சொல்லலை. எத்தனையோ பேர் இருக்காங்க தூக்கறதுக்கு. யாருகிட்டயும் இன்னும் சொல்லலை, அவ்வளவுதான். இந்தப் பேரை வெச்சு மூணு நாளாச்சு. பதில் இல்லை. சரின்னு ஒரு வார்த்தை இல்லை. இத்தனை நாளா நான் தும்மினா அதுக்கொரு பேர் வெச்சவ, இப்ப வாயைக் கட்டிக்கிட்டு இருக்கா. இப்பப் போய் நீங்க பூட்டிட்டா அவ பதில் எப்படி வரும்?

இவர் சொல்றார், "அண்ணனை நான் கூப்பிட்டாச்சு. அண்ணியை நீதான் போய்க் கூப்பிடணும், பொம்பளை பொம்பளையைக் கூப்பிடறதுதானே முறை"ன்னு. ஆமாங்க, எங்க பக்கம் அப்படித்தான். பங்காளி வீட்டுக்கு நேர்ல போய்க் குங்குமம் குடுத்து, குழந்தை பேரைச் சொல்லி, வாயாரக் கூப்பிடணும். அதெல்லாம் பேச்சு வார்த்தை இருக்கறவங்களுக்கு. நான்தான் கூப்பிட்டாச்சே! என்னைவிட அதிகமா மோட்டார் கூப்பிட்டிருக்குது. மூணு நாளா கரண்டு வர்றப்பெல்லாம் போன் பண்ணி, "ஞாயிறு காதுகுத்து வரணும், மின்சாரம் வந்துள்ளது"ன்னு சொல்லிக்கிட்டே இருக்குது. இதுக்கு மேல ஒருத்தியை எப்படிக் கூப்பிடறது?

நீங்களும் வரணும் அம்மிணி. நிசமாத்தான் சொல்றேன். இருங்க, குங்குமம் எடுத்துக்கங்க. வீட்ல அம்மா அப்பா இருக்காங்களா? அவங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க. பஸ் ஸ்டாப்பிலிருந்து இவரை வண்டியோட அனுப்பறேன். நம்ம பொண்ணு விசேஷம்னு நினைச்சுக்கங்க. சொல்லிட்டு வராம இருந்துடாதீங்க, நான் இலை போட்டு எதிர்பார்த்துக்கிட்டு இருப்பேன்.

ஏன் அப்படிப் பார்க்கறீங்க?

அவளையும் இப்படியே கூப்பிட்டிருக்கலாமேன்னா நினைக்கறீங்க? நீங்க வேற. நீங்க ஊருக்குப் புதுசு. அவளுக்கும் எனக்கும் நேத்தா பழக்கம்? நான் கல்யாணமாகி வந்த அன்னைக்கு எனக்குத் தலை பின்னி விட்டதே அவதான். அவளைப் போய் வழக்கப்படி நீட்டி முழக்கிக் கூப்பிடணுமா? ஒரு வரி எழுதினாப் புரியாதா?

அந்தக் கட்டத்தை வெறுமனே விட முடியாதுங்களா? முடியாதா. ஏதோ ஒரு பேர் போட்டுத்தான் ஆகணுமா. சரி, அப்ப ஞாயிறு கழிச்சு வந்து பூட்டுங்க. உங்க மேனேஜர்கிட்ட, அந்தம்மா வீட்ல இல்லை, தோட்டத்துக்குப் போயிருந்தாங்கன்னு சொல்லிடுங்க. இல்லாட்டி, பழையபடி "ஹாக் டூ பி"ன்னே போட்டு... வேண்டாம், அதுவும் வேண்டாம். அதுல என்னத்தை எழுத முடியும்?

போன்! இப்ப நிசமாவே சத்தம் வந்துச்சு, உங்களுக்கும் கேட்டுச்சுதானே? பாப்பா, விடு, அம்மா போனை விடுடி கண்ணு. என்னமோ வந்திருக்குது. "உங்கள் சாதனத்தின் பெயர் மாற்றப்பட்டது." அவதான். அவளேதான். நீங்க படிங்க. வேண்டாம், நானே படிக்கறேன்.

"கூப்பிட வாயில்லையா."

பார்த்தீங்களா! பார்த்தீங்களா திமிரை! மூணு நாள் யோசிச்சு இதை எழுதியிருக்கா. வாயில்லையாவாம்! எனக்கா? இந்த ஊர்ல வந்து கேளுங்க, கோகிலவாணிக்கு வாயில்லைன்னு யாராச்சும் சொல்வாங்களான்னு. மாமியார் இருந்தப்பவே நான் பேசினவ. இதுக்குத்தான் அம்மிணி உங்களைப் பூட்டச் சொன்னேன். இல்லை இல்லை, பூட்டாதீங்க! இதுக்குப் பதில் சொல்லாம எப்படிப் பூட்டறது? கடைசி வார்த்தை அவளுதுன்னு ஆயிடும். குடுங்க இப்படி. என்ன எழுதலாம்? "இருக்குது"ன்னு எழுதறேன். வாய், இருக்குது. இல்லை, "வந்து பாரு வாயை"ன்னு...

அட.

எழுதினா வாயில்லைன்னு ஆயிடுமுங்களே. வாய் இருக்கறவ எதுக்கு எழுதறா? எப்படி மடக்கிட்டா பாருங்க. எதை எழுதினாலும் அவ சொன்னது நிசமாயிடுது. இதுக்கு எழுதிப் பதில் சொல்ல முடியாது. நேர்லதான் சொல்லணும்.

போறேன். இப்பவே போறேன். ஆமா, நீங்க எதுக்குச் சிரிக்கறீங்க? முகத்தைக் கழுவிக்கறேன், வேர்த்து வழியுது. இந்தத் தட்டு எதுக்குன்னா? வெத்தலை பாக்கு, பழம், குங்குமம். சண்டைக்குப் போறவ கையில தட்டு எதுக்குன்னு பார்க்கறீங்க. பங்காளி வீட்டு வாசல்ல வெறுங்கையோட போய் நின்னா அதையும் ஒரு பேரா வெச்சுச் சொல்லிக் காட்டுவா, உங்களுக்கு அவளைத் தெரியாது. பாப்பாவையும் தூக்கிக்கறேன். இவ வேற ரொம்ப நாளா அந்தப் பக்கமே கையை நீட்டிக்கிட்டுக் கிடக்கா. பூ வெச்சது சரியா இருக்குதா? கொஞ்சம் கோணலோ? இருக்கட்டும்.

நீங்க இங்கேயே இருங்க அம்மிணி. சட்டியில குழம்பு இருக்குது, சோறு வடிச்சு வெச்சிருக்குது, நீங்களே போட்டுச் சாப்பிடுங்க, வெக்கப்படக் கூடாது. என் போனும் இங்கேயே இருக்கட்டும், அங்கே எனக்கு அது எதுக்கு? அந்தக் கட்டத்துல மட்டும் ஒண்ணையும் அமுக்கிடாதீங்க. எனக்காகக் காத்திருக்கவும் வேண்டாம், வரச் சாயங்காலம் ஆயிடும். நாலு மாசத்துப் பேச்சு இருக்குதுங்களே.